கோஷங்களுக்கு லக்ஷணம் உண்டா?

(நமது சங்கத்தின் கிளை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"சார், அரை மணி நேரம் ஏதாவது பொது விஷயமாகப் பேசுங்கள், அரசியல் மட்டும் வேண்டாம்" என்று கிளைச் செயலாளர் கேட்டுக்கொண்டார். அவர் பயப்பட வேண்டாம். நான் அரசியல் பேசப் போவதில்லை. அரசியலில் புழங்கும் சொற்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பேச்சு முடியும்போது இங்குள்ள எல்லாக் கட்சி அன்பர்களுக்கும் என் மேல் சம அளவில் வருத்தம் இருந்தால், நான் நடுநிலை தவறவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

இந்தத் தலைப்பு எதற்கு என்று கேட்கலாம். இன்று நம் வீடுகளில் சொத்துத் தகராறை விட வாட்ஸ்அப் தகராறு அதிகமாகிவிட்டது. சித்தப்பா ஒன்றை ஃபார்வர்டு செய்கிறார், மருமகன் அதற்குச் சூடாகப் பதில் போடுகிறார், அதற்குப் பின் இரண்டு குடும்பமும் ஒரு சஷ்டியப்தபூர்த்தியில் கூடச் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. ஊன்றிப் பார்த்தால் இருவரும் ஒரே சொல்லை ஆளுக்கொரு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள் என்று தெரியும். அந்தச் சொல்லைச் செய்து விட்டவர் சுகமாக இருக்கிறார்.

நான் பௌதிகம் படித்தவன். விடையில் எண் சரியாக இருந்தாலும் அலகு எழுதாவிட்டால் எங்கள் ஆசிரியர் மதிப்பெண் தரமாட்டார். "பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு என்ன? கிலோவா, மீட்டரா, வாழைக்காயா?" என்பார். பிறகு அரசுப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கோப்புகளோடு வாழ்ந்தேன். "பரிசீலனையில் உள்ளது", "உரிய காலத்தில் ஆவன செய்யப்படும்" போன்ற வாக்கியங்களை நானே ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறேன். ஆகவே பொருள் இல்லாமல் ஒரு வாக்கியத்தை அமைப்பது எப்படி என்பது எனக்குச் சற்றுத் தெரியும்.

சாஸ்திரம் சொல்லும் மூன்று தோஷங்கள்

நம் தர்க்க சாஸ்திரத்தில் ஒரு பொருளுக்கு லக்ஷணம், அதாவது இலக்கணம், சொல்லும்போது மூன்று தோஷங்கள் வரக்கூடாது என்பார்கள். பசுவைத்தான் உதாரணம் காட்டுவார்கள். "கபில நிறம் உள்ளது பசு" என்றால் வெள்ளைப் பசு விட்டுப்போகும், இது அவ்யாப்தி. "கொம்பு உள்ளது பசு" என்றால் எருமையும் ஆடும் உள்ளே வந்துவிடும், இது அதிவ்யாப்தி. "ஒற்றைக் குளம்பு உள்ளது பசு" என்றால் எந்தப் பசுவுக்கும் பொருந்தாது, இது அஸம்பவம்.

இவற்றோடு வாதத்தில் செய்யும் ஒரு தந்திரத்தையும் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு வாக்சலம் என்று பெயர். "நவகம்பளம்" என்றால் புதிய கம்பளி. எதிராளி வேண்டுமென்றே "நவ" என்பதற்கு ஒன்பது என்று பொருள் கொண்டு, "ஒன்பது கம்பளி எங்கே? ஒன்றுதானே இருக்கிறது?" என்று மடக்குவான். ஒரே ஒலி, இரண்டு பொருள், நடுவில் கேட்பவன் ஏமாளி. இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டால் இன்றைய அரசியல் அகராதியில் பெரும்பகுதியைப் படித்துவிடலாம்.

முகவுரையில் இரண்டு சொற்கள்

அரசியலமைப்பின் முகவுரையிலிருந்தே தொடங்குவோம். "ஸோஷலிஸ்ட்", "செக்யூலர்" என்ற இரண்டு சொற்களும் 1949-ல் ஏற்கப்பட்ட மூலத்தில் இல்லை. 1948-ல் கே.டி. ஷா அவற்றைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தபோது அம்பேத்கர் ஏற்கவில்லை. நெருக்கடி நிலையின்போது 1976-ல் 42-வது திருத்தத்தின் மூலம் அவை நுழைந்தன.

அதற்கடுத்து நடந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். ஜனதா அரசு 1978-ல் கொண்டுவந்த திருத்த மசோதாவில் இவ்விரண்டு சொற்களுக்கும் லக்ஷணம் எழுதியது. செக்யூலர் என்றால் எல்லா மதங்களுக்கும் சமமான மரியாதை, ஸோஷலிஸ்ட் என்றால் எல்லா வகைச் சுரண்டலிலிருந்தும் விடுதலை என்பது அதன் சாரம். மக்களவை ஏற்றது, மாநிலங்களவை அந்தப் பகுதியை நிராகரித்தது. சொற்கள் இருக்கட்டும், அர்த்தம் வேண்டாம் என்றாகிவிட்டது! பின்னர் நீதிமன்றங்கள்தான் தீர்ப்புகள் மூலம் சிறுகச் சிறுகப் பொருள் தந்து வருகின்றன. இச்சொற்களை நீக்கக் கோரிய மனுக்களை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

மொழிபெயர்ப்பையும் பாருங்கள். இந்தி மேடைகளில் நாம் கேட்பது "தர்மநிரபேக்ஷ". ஆனால் அரசியலமைப்பின் அதிகாரபூர்வ இந்தி வடிவத்தில் உள்ள சொல் "பந்த்நிரபேக்ஷ". தர்மம் வேறு, பந்தம் என்கிற மதப்பிரிவு வேறு. தமிழில் "மதச்சார்பற்ற" என்கிறோம். மூன்றும் ஒரே பொருள் தருமா என்று யோசித்துப் பாருங்கள். பாதிச் சண்டை இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

ஸோஷலிஸத்தின் கதை இன்னும் வேடிக்கை. 1955 ஜனவரியில் சென்னையை அடுத்த ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு "ஸோஷலிச பாணிச் சமுதாயம்" என்றது. அந்தப் பாணியை எதிர்த்து ராஜாஜி 1959-ல் சுதந்திராக் கட்சி கண்டார். "பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்" என்று அவர் வைத்த பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. அதுவும் ஒரு கோஷம்தான். ஆனால் எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதத்துக்காக நிற்கிறீர்கள் என்று விரல் நீட்டிக் காட்டிய கோஷம்.

1989-ல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 29ஏ என்ற பிரிவு நடைமுறைக்கு வந்தது. அதன்படி பதிவு கோரும் ஒவ்வொரு கட்சியும் ஸோஷலிஸம், செக்யூலரிஸம், ஜனநாயகம் ஆகிய கொள்கைகளுக்கு விசுவாசமாக இருப்பதாகத் தன் விதிகளில் எழுதித்தர வேண்டும். ஆக, தனியார்மயம் வேண்டும் என்கிற கட்சியும் கூடாது என்கிற கட்சியும் காகிதத்தில் ஸோஷலிஸ்டுகளே. கொம்புள்ளவை எல்லாம் பசு! அதிவ்யாப்திக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

வறுமையே வெளியேறு

1971 தேர்தலில் "கரீபி ஹடாவோ" என்ற கோஷம் நாட்டையே ஒரு கலக்கு கலக்கியது. இந்திரா காந்தியின் கட்சி 352 இடங்களைப் பெற்றது. இலக்கணப்படி "ஹடாவோ" என்பது ஏவல் வினை. "அகற்று" என்று பொருள். யாருக்கு இந்தக் கட்டளை? மக்கள் அரசுக்குச் சொல்கிறார்களா, அரசு அதிகாரிகளுக்குச் சொல்கிறதா? எழுவாய் இல்லை, காலம் இல்லை, அளவும் இல்லை. அதனால்தான் அது தோற்றதாகவும் நிரூபிக்க முடியவில்லை, ஜெயித்ததாகவும் நிரூபிக்க முடியவில்லை.

வறுமை அகன்றதா என்று பார்க்க வேண்டுமானால் வறுமை எது என்று வரையறுக்க வேண்டும். 2011-12-க்கு டெண்டுல்கர் குழுவின் முறைப்படி கிராமத்தில் ஒருவருக்கு மாதம் 816 ரூபாய், நகரத்தில் 1,000 ரூபாய் என்று கோடு போட்டார்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே 21.9 சதவீதம், சுமார் 27 கோடிப் பேர். 2014-ல் ரங்கராஜன் குழு அதே ஆண்டுக்குக் கோட்டை 972 ரூபாய், 1,407 ரூபாய் என்று உயர்த்தியது. வறுமை 29.5 சதவீதமாகி, சுமார் 36 கோடிப் பேர் என்றாயிற்று. ஒரு வீட்டிலும் அரிசி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அளவுகோல் மாறியதில் ஒன்பது கோடிப் பேர் ஏழைகளானார்கள்.

இரண்டு குழுவினரும் நிபுணர்கள். இருவரும் தம் முறையை வெளிப்படையாக எழுதி வைத்தார்கள். குற்றம் அவர்களுடையதல்ல. ஆனால் மேடையில் பேசுகிறவர் தமக்குச் சாதகமான எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு எந்தக் கோல் என்பதை விட்டுவிடுகிறார். அலகு எழுதாத விடை!

2004-ல் வந்த "இந்தியா ஒளிர்கிறது" பிரசாரமும் அப்படியே. எந்த மாவட்டம் எத்தனை ஒளிர்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. 1999-ல் 182 இடங்கள் பெற்ற பா.ஜ.க. 138-க்கு இறங்கியது. இப்போது "விக்ஸித் பாரத் 2047" என்கிறார்கள். இதில் ஒரு முன்னேற்றம் உண்டு, ஆண்டு கொடுத்திருக்கிறார்கள். அந்த ஆண்டில் எதை அளந்து "வளர்ந்துவிட்டோம்" என்று தீர்மானிப்பது என்பதையும் கூடவே கேட்டுவைக்க வேண்டும். உலக வங்கி உயர்வருமான நாடு என்பதற்கு ஒரு தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 14,000 டாலர் என்று கோடு வைத்திருக்கிறது. அந்தக் கோடா, வேறு கோடா? இன்றே எழுதிக்கொண்டால்தான் நம் பேரக் குழந்தைகள் 2047-ல் சரிபார்க்க முடியும்.

எட்டு லட்சத்தின் இரண்டு பெயர்கள்

இனி நம் உறுப்பினர்களுக்கு நெருக்கமான ஒன்று. மத்திய அரசின் பிற்பட்டோர் ஒதுக்கீட்டில் "கிரீமி லேயர்" எனப்படும் வசதி படைத்த பிரிவினரை விலக்க வேண்டும் என்று 1992-ல் இந்திரா ஸஹானி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1993-ல் அதற்கான வருமான வரம்பு 1 லட்சம். படிப்படியாக ஏறி 2017-ல் 8 லட்சமாயிற்று. 2019-ல் 103-வது திருத்தம் வந்தது. ஒதுக்கீடு இல்லாத பிரிவினரில் "பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு" 10 சதவீதம். அதற்கும் குடும்ப வருமான வரம்பு 8 லட்சம்! 2022-ல் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அத்திருத்தத்தை ஏற்றது.

ஒரே எட்டு லட்சம் ஒரு வரிசையில் பாலாடைக்கும், இன்னொரு வரிசையில் நலிவுக்கும் எல்லைக்கல். கணக்கிடும் முறை வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும்; கிரீமி லேயர் வருமானக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது, மற்றதில் எல்லாம் சேரும். இருந்தாலும், 2019-ல் வருமான வரி விலக்கு வரம்பு இரண்டரை லட்சமாக இருந்தது. ஒரே குடும்பஸ்தர் ஒரு அலுவலகத்தில் வரி செலுத்தும் அளவு வசதியானவர், அடுத்த அலுவலகத்தில் நலிந்தவர். அதே 2019 விதிகளில் ஆயிரம் சதுர அடி ஃபிளாட் இருந்தால் நலிந்தவர் இல்லை. மும்பை தாதரில் ஆயிரம் சதுர அடியும் அம்பாசமுத்திரத்தில் ஆயிரம் சதுர அடியும் ஒன்றா?

மறுபக்கத்தையும் பார்ப்போம். "சமூக நீதி" என்ற சொல் மிக உரக்க ஒலிப்பது தமிழ்நாட்டில். அங்கே மாநில ஒதுக்கீட்டில் கிரீமி லேயர் விலக்கு பின்பற்றப்படவில்லை. சமூக நீதி என்றால் பிரதிநிதித்துவமா, ஏழ்மை ஒழிப்பா? முதலாவது என்றால் வருமானம் பார்க்க வேண்டியதில்லை என்று வாதிடலாம்; இரண்டாவது என்றால் பார்த்தே ஆக வேண்டும். எது நோக்கம் என்று சொல்லாமல் ஒரே சொல்லுக்குள் இரண்டையும் வைத்திருப்பதால்தான் முப்பது ஆண்டுகளாக வாதம் முடியவில்லை.

பெயர் மாற்றினால் பண்டம் மாறுமா?

தமிழ்நாட்டில் 2006-ல் "இலவச" வண்ணத் தொலைக்காட்சி வந்தது. 2011-ல் ஆட்சி மாறியதும் மிக்ஸியும் கிரைண்டரும் "விலையில்லா" பொருள்கள் ஆயின. டில்லியிலும் இந்தக் கலை உண்டு. நிறுவனங்களுக்கும் தனிநபருக்கும் தந்த வரிச் சலுகைகளால் அரசு இழந்த தொகையை 2006-07 பட்ஜெட்டிலிருந்து "கைவிட்ட வருவாய்" என்ற பெயரில் வெளியிட்டார்கள். பிற்பாடு அந்த அறிக்கையின் பெயர் "வரி ஊக்கங்களின் வருவாய்த் தாக்கம்" என்று மாறியது. ஏழைக்குக் கொடுத்தால் இலவசம், தொழிலுக்குக் கொடுத்தால் ஊக்கம். இரண்டும் தேவைப்படலாம், இரண்டும் வீணாகலாம். ஆனால் இரண்டையும் ஒரே பேரேட்டில் ஒரே பெயரில் எழுதிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

வங்கிப் பணியில் இருந்த அன்பர்களுக்கு இன்னொன்று தெரியும். விவசாயக் கடன் "தள்ளுபடி" என்றால் கடனாளி இனி கட்ட வேண்டாம். 2008 பட்ஜெட்டில் 60,000 கோடி ரூபாய்க்கு அறிவித்தது அந்த வகை. பெரிய நிறுவனங்களின் கடனை வங்கி "ரைட் ஆஃப்" செய்வது கணக்குப் புத்தகத்தில் செய்யும் காரியம்; கடன் ரத்தாவதில்லை, வசூல் முயற்சி தொடரலாம். ஆனால் தமிழ்ப் பத்திரிகையில் இரண்டுக்கும் "தள்ளுபடி" என்றே போடுகிறார்கள். நவகம்பளம்! எதிர்க்கட்சி "முதலாளிகளுக்குத் தள்ளுபடி" என்கிறது. ஆளும் கட்சி "வசூல் தொடர்கிறது" என்கிறது. எவ்வளவு வசூலானது என்ற ஒரு கேள்விதான் இருவரையும் நேருக்கு நேர் நிறுத்தும்.

ரயிலில் 2016 செப்டம்பரில் ராஜதானி, துரந்தோ, சதாப்தி வண்டிகளுக்கு "ஃப்ளெக்ஸி" கட்டணம் வந்தது. அப்போது பத்து சதவீத இடங்கள் விற்ற ஒவ்வொரு தடவையும் அடிப்படைக் கட்டணம் பத்து சதவீதம் ஏறி ஒன்றரை மடங்கு வரை போனது. வளைந்து கொடுப்பது என்று பெயர். வளைந்தது மேல்நோக்கி மட்டும்!

கேரண்டி யார்?

2023-ல் கர்நாடகத்தில் காங்கிரஸ் "ஐந்து கேரண்டி" என்றது. 2024 மக்களவைத் தேர்தலில் பா.ஜ.க. "மோடியின் கேரண்டி" என்றது. சொல்லைப் பொறுத்தவரை இரு கட்சிகளும் ஒன்றுபட்டுவிட்டன.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 126-வது பிரிவு கேரண்டிக்கு அருமையான லக்ஷணம் தருகிறது. அதில் மூன்று பேர் வேண்டும்: கடன் கொடுத்தவர், கடன் வாங்கியவர், வாங்கியவர் தவறினால் பொறுப்பேற்கும் ஜாமீன்தாரர். தேர்தல் கேரண்டியில் வாக்குக் கொடுப்பவரும் ஜாமீன்தாரரும் ஒருவரே. தவறினால் அவர் கையிலிருந்து போவது ஒன்றுமில்லை. நிறைவேறினால் அதற்கான பணம் நம்முடையது. ஒற்றைக் குளம்புள்ள பசு என்று இதைத்தான் சொல்ல வேண்டும். "வாக்குறுதி" என்ற பழைய சொல்லே போதுமானதாக இருந்தது. அதில் குறைந்தபட்சம் அடக்கம் இருந்தது.

நம் சொற்களுக்கும் அதே தராசு

இதுவரை பலர் தலையாட்டினீர்கள். இனிச் சற்றுப் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

"வோட் பாங்க்" என்ற சொல்லைத் தந்தவர் சமூகவியல் அறிஞர் எம்.என். ஸ்ரீநிவாஸ், மைசூர்ப் பகுதிக் கிராமம் பற்றி 1955-ல் எழுதிய கட்டுரையில் பயன்படுத்தினார். ஆளும் பேரும் உள்ள ஒரு பெரிய மனிதர் தம்மை அண்டி இருப்பவர்களின் வாக்குகளை ஒரு வேட்பாளருக்குத் திரட்டித் தருவதைப் பற்றியது அது. இன்று அதை ஒரு சமூகம் முழுவதற்கும் வசைச்சொல்லாக ஆக்கிவிட்டோம். மற்றவர்கள் சேர்ந்து வாக்களித்தால் வோட் பாங்க். நம் கூட்டங்களில் "நாம் ஒன்றுபட்டு வாக்களித்தால்தான் நம்மை மதிப்பார்கள்" என்று பேசினால் அது ஒற்றுமை. ஒரே செயலுக்கு இரண்டு பெயர் வைப்பதைத்தானே இவ்வளவு நேரம் குறை சொன்னோம்?

"மெரிட்" என்பதை எடுத்துக்கொள்வோம். நாம் மிக அதிகம் சொல்லும் சொல் இதுதான். அதன் லக்ஷணம் என்ன? நுழைவுத் தேர்வு மதிப்பெண் என்றால், பணம் கொடுத்து வாங்கும் மேனேஜ்மெண்ட் கோட்டா, என்.ஆர்.ஐ. கோட்டா இடங்களைப் பற்றி அதே ஆவேசத்துடன் ஏன் பேசுவதில்லை? மதிப்பெண் உழைப்பைக் காட்டுகிறது என்பதில் சந்தேகமில்லை. நம் பிள்ளைகள் உழைக்கிறார்கள், இடம் கிடைக்காதபோது ஏற்படும் மனவேதனையும் நிஜம். ஆனால் விடியற்காலை எழுப்பிக் காபி கொடுத்த அம்மா, கணக்குச் சொல்லிக் கொடுத்த தாத்தா, கோட்டாவுக்கோ ஹைதராபாதுக்கோ கோச்சிங் அனுப்பிய அப்பாவின் பணம், எல்லாம் அந்த மதிப்பெண்ணில் கரைந்திருக்கின்றன. இதை ஒப்புக்கொண்டு பேசினால் நம் நியாயத்துக்கு வலு கூடுமே தவிரக் குறையாது.

"நேர்மையாக வரி கட்டும் நடுத்தர வர்க்கம்" என்பது மற்றொன்று. இந்த ஹாலில் "நான் பணக்காரன்" என்று கை தூக்குபவர் உண்டா? பாருங்கள், ஒருவரும் இல்லை. சொந்த வீடும் வெளிநாட்டில் பிள்ளையும் உள்ளவரும் நடுத்தரம். பென்ஷனில் மாத்திரை வாங்கத் திணறுகிறவரும் நடுத்தரம். மேலும், சோப்பு வாங்கும் வீட்டு வேலைக்காரம்மாவும் ஜி.எஸ்.டி. கட்டுகிறார். வரி கட்டுபவர் என்றால் வருமான வரி கட்டுபவர் மட்டுமே என்பது அவ்யாப்தி. வெள்ளைப் பசுவை விட்டுவிட்டோம்.

நம்முடைய சிறிய சமூகத்துக்கு எண்ணிக்கை பலம் கிடையாது. நம்மிடம் இருப்பது சொல்லில் நிதானமும் பேச்சில் நம்பகத்தன்மையும்தான். நாமும் கோஷம் போடத் தொடங்கினால் அந்தக் கூச்சலில் நம் குரல் எங்கே கேட்கும்?

நடைமுறையில் என்ன செய்யலாம்?

எந்தக் கோஷத்தைக் கேட்டாலும் நான்கு கேள்விகள் போதும். ஒன்று, எழுவாய் யார், அதாவது செய்யப்போகிறவர் யார்? இரண்டு, அலகு என்ன, எந்தத் தேதிக்குள்? மூன்று, செலவு எந்தத் தலைப்பில், யார் பையிலிருந்து? நான்கு, இதன் எதிர்ப்பதத்தை எந்தக் கட்சியாவது சொல்லுமா? "வளர்ச்சி வேண்டாம்", "நியாயம் வேண்டாம்" என்று யாரும் சொல்லப் போவதில்லை. எதிர்ப்பதத்தை யாரும் சொல்ல முடியாத கோஷம் எந்தத் தகவலையும் தருவதில்லை. "வளர்ச்சி" என்பதை விட்டு "இந்த வார்டில் மார்ச் மாதத்துக்குள் பாதாளச் சாக்கடை" என்று சொல்லட்டும், அதைச் சரிபார்க்கலாம்.

இப்படிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. நம் பாராளுமன்றமே இதைச் செய்கிறது. மக்களவையில் 1953 முதலும், மாநிலங்களவையில் 1972 முதலும் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. "பரிசீலனையில் உள்ளது", "விசாரித்துச் சொல்கிறேன்" என்பன போன்ற எந்தெந்தத் தொடர்களை அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழி ஆகும் என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்கள். சொன்னால் மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் அவகாசம் கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்து அதிகாரிகள் உண்மையில் பயப்படும் குழுக்களில் இது ஒன்று. சொல்லைப் பிடித்துக்கொண்டால் ஆள் நழுவ முடியாது என்பது அதன் தத்துவம்.

ஒவ்வொரு கிளையும் இதைச் சிறிய அளவில் செய்யலாம் என்பது என் யோசனை. உங்கள் ஊர் வேட்பாளர் வாக்குக் கேட்டு வரும்போது அவர் சொல்வதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதிவையுங்கள். அவர் எந்தக் கட்சியானாலும் சரி, குறிப்பாக நீங்கள் வாக்களிக்கப் போகும் கட்சியானால் கண்டிப்பாக எழுதுங்கள். ஓராண்டு கழித்து அந்தப் பக்கத்தோடு போய்ப் பாருங்கள்.

வீட்டில் ஃபார்வர்டு வந்தால் பதில் அனுப்புமுன் ஒரே ஒரு கேள்வி போடுங்கள்: "இந்தச் சொல்லுக்கு நீ என்ன அர்த்தம் வைத்திருக்கிறாய்?" சித்தப்பாவும் மருமகனும் அதற்குப் பொறுமையாகப் பதில் எழுதினால், பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதி உண்மையான கருத்து வேற்றுமை. அதைப் பேசித்தான் ஆக வேண்டும். காபி குடித்துக்கொண்டே பேசலாம்.

கேள்விகள் இருந்தால் சொல்லுங்கள். அலகோடு பதில் சொல்ல முயல்கிறேன்.